வாயில் திறக்கும் வரை: திருவருகைக் காலத்தின் வரலாறு

மேலைக் கிறித்தவத் திருச்சபைகளின் வழிபாட்டு ஆண்டு சனவரி முதல் நாளில் தொடங்குவதில்லை. கிறித்து பிறப்பு விழாவிலும் தொடங்குவதில்லை. அவ்விழாவுக்கு முன்வரும் நான்காம் ஞாயிற்றுக்கிழமையில், அதாவது நவம்பர் 27-க்கும் திசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிறன்று, அது தொடங்குகிறது. ஐரோப்பாவில் மரங்கள் இலையுதிர்த்து நிற்க, பகற்பொழுது நாள்தோறும் குறுகிவரும் குளிர்காலத்தின் முற்பகுதி அது. நம் கணக்கில் கார்த்திகையின் பின்நாள்களும் மார்கழியின் முன்நாள்களும் ஆகும். விழாவோடு ஆண்டைத் தொடங்காமல், விழாவுக்காகக் காத்திருப்பதோடு ஆண்டைத் தொடங்கும் இம்மரபு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இக்காலத்தையே தமிழ்க் கிறித்தவர் 'திருவருகைக் காலம்' என்று வழங்குகின்றனர்.

காத்திருத்தல் தமிழ்க் கவிஞர்க்குப் புதிய பொருளன்று. முல்லைத் திணைக்கு 'இருத்தல்' என்பதனை உரிப்பொருளாக வகுத்த இலக்கண மரபு நம்முடையது. கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிச் சென்றவனுக்காக, மாலைப் பொழுதில் ஆற்றியிருக்கும் நெஞ்சத்தை நம் பழம்பாடல்கள் பலவாறு பாடியுள்ளன. அங்கே அது ஓர் உள்ளத்தின் ஒழுக்கம். அத்தகைய ஒழுக்கமொன்று ஒரு சமய மக்கள் அனைவர்க்கும் பொதுவான நோன்பாக மேலைநாட்டில் எவ்வாறு உருப்பெற்றது? அந்நோன்பு தேய்ந்த பின்னர், அக்காலம் எதனால் உயிர் தரித்து நின்றது? இவ்விரு வினாக்களுக்கும் வரலாறு தரும் விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டாம் வினாவுக்கான விடையில் கவிஞர்க்கும் பங்குண்டு.

சொல்லும் பொருளும்

இக்காலத்துக்கு இலத்தீனில் 'அத்வெந்துஸ்' என்று பெயர். வருகை என்பது அதன் நேர்ப்பொருள். ஆயினும் உரோமைப் பேரரசில் அது வெறும் வருகையைக் குறித்த சொல்லன்று. பேரரசன் ஒரு நகரத்துக்கு எழுந்தருளும் சடங்குக்கே அது பெயராயிற்று. ஊர்ப் பெருமக்கள் வாயிலைக் கடந்து வெளியே வந்து எதிர்கொள்வர், புகழுரைகள் முழங்கும். குதிரை மீதமர்ந்த மன்னன் உருவத்தோடு இச்சொல்லைப் பொறித்த காசுகள் பல கிடைத்துள்ளன.

அரசியலில் இத்தனை பெருமிதம் பெற்றிருந்த ஒரு சொல்லைக் கிறித்தவர்கள் எடுத்து, பேரரசின் ஒரு மூலையில், ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த குழந்தையின் வருகைக்குப் பெயராக்கினர். சொல் அதுவே, பொருள் தலைகீழாயிற்று. பேரரசன் வரும்போது நகரவாயிலைத் திறக்காதிருக்க எவர்க்கும் துணிவிராது. இந்தக் குழந்தைக்கு வாயில் திறப்பதும் திறவாதிருப்பதும் உள்ளிருப்பவர் விருப்பம். இந்த வேறுபாட்டை நினைவில் கொண்டால், பின்வரும் வரலாறு முழுவதும் எளிதில் விளங்கும்.

இச்சொல்லுக்குத் தொடக்கம் முதலே இரு முகங்கள் இருந்தன. ஒன்று, முன்னரே நிகழ்ந்த பிறப்பை நினைப்பது. மற்றொன்று, உலக முடிவில் நிகழும் எனக் கிறித்தவர் நம்பும் இரண்டாம் வருகையை எதிர்நோக்குவது. முடிந்த ஒன்றையும் முடியாத ஒன்றையும் ஒருங்கே காத்திருக்கும் விந்தையான காலம் இது.

நோன்பாகத் தோன்றிய காலம்

திசம்பர் 25 கிறித்து பிறந்த நாளாக உரோமில் கொள்ளப்பட்டமைக்கு, கி.பி. 354-ஆம் ஆண்டின் ஒரு நாட்குறிப்பு நூல் சான்று தருகிறது. விழா நிலைபெற்ற பின்னரே அதற்கு முன்னான ஆயத்தக் காலமும் உருப்பெற்றது. அதற்கான தொல்சான்றுகள் உரோமில் அல்ல, இசுப்பானியாவிலும் இன்றைய பிரான்சு நாடாகிய கால் நாட்டிலும் கிடைக்கின்றன.

கி.பி. 380-இல் இசுப்பானியாவின் சரகோசா நகரில் ஆயர்கள் கூடிய மன்றம், திசம்பர் 17 முதல் சனவரி 6 வரையுள்ள 21 நாள்களில் எவரும் கோயிலுக்கு வாராதிருத்தல் கூடாது என்று விதித்தது. வீட்டில் மறைந்திருத்தலும், பண்ணைகளுக்கோ மலைகளுக்கோ சென்றுவிடுதலும், வெறுங்காலோடு நடத்தலும் தடுக்கப்பட்டன. அக்காலத்தில் பரவிய பிரிசில்லியன் இயக்கத்தார் தனித்து ஒதுங்கித் தவம் புரிந்தமையே இவ்விதிக்குக் காரணம். விதியின் உட்பொருள் கருதத்தக்கது: காத்திருப்பதாயின் கூடிக் காத்திருக்க வேண்டும் என்பதே அது.

அடுத்த நூற்றாண்டில் தூர் நகரத்தின் ஆயர் பெர்ப்பெத்துவஸ், தூய மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறித்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு என்று வகுத்தார். இச்செய்தியை ஆறாம் நூற்றாண்டில் அதே நகரில் ஆயராக விளங்கிய வரலாற்றாசிரியர் கிரகோரி எழுதி வைத்துள்ளார். நோன்பின் தொடக்க நாள் மார்ட்டின் நாளாய் அமைந்தது பொருத்தமே. அமியேன் நகரவாயிலில் குளிரில் நடுங்கிய இரவலனுக்குத் தன் போர்வையை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்த போர்வீரன் அவர் என்பது மரபு. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் போற்றும் நமக்கு, குளிர்கால நோன்பு ஒன்று ஈகையின் நாளில் தொடங்கியதன் அழகு எளிதில் புலப்படும். கி.பி. 581-ஐ ஒட்டி மக்கோன் நகரில் கூடிய மன்றம், இந்நாள்களில் திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளை நோன்பு நாள்களாக உறுதிசெய்தது. 'தூய மார்ட்டினின் நாற்பது நாள்' என்ற பெயரும் இதற்கு வழங்கிற்று.

உரோமிலோ நிலைமை வேறு. அங்கே இக்காலம் குறுகியது. தவத்தைவிட மகிழ்ச்சியோடு கூடிய எதிர்பார்ப்பே மேலோங்கியது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையாயிருந்த பெரிய கிரகோரியின் காலத்தை ஒட்டி நான்கு ஞாயிறு என்ற அளவு உரோமில் வழக்கூன்றியது என்பர். கால் நாட்டுத் தவமும் உரோமின் மகிழ்ச்சியும் காலப்போக்கில் ஒன்று கலந்தன. அக்கலப்பின் தடயத்தை இன்றும் வழிபாட்டில் காணலாம். குருவின் மேலாடை தவத்தைக் குறிக்கும் ஊதா நிறம். ஞாயிற்றுப் பூசையில் பாடப்படும் 'உன்னதங்களிலே' என்னும் புகழ்ப்பாடல் நிறுத்தப்படும். ஆயினும் மகிழ்ச்சிக் குரலாகிய 'அல்லேலூயா' நிறுத்தப்படுவதில்லை.

எல்லாத் திருச்சபைகளும் நான்கு ஞாயிறு என்ற அளவை ஏற்கவில்லை. மிலான் நகரின் அம்புரோசிய வழிபாட்டு முறையில் இன்றும் ஆறு ஞாயிறுகள் உள்ளன. கிழக்கத்திய ஆர்த்தடாக்சுத் திருச்சபையில் நவம்பர் 15-இல் தொடங்கும் நாற்பது நாள் நோன்பு உண்டு. நமக்கு அண்மையில், கேரளத்துச் சீரோ மலபார் திருச்சபையில், கிழக்குச் சிரிய மரபின்படி வழிபாட்டு ஆண்டு 'மங்கள வார்த்தைக் காலம்' என்ற பெயரோடு தொடங்குகிறது. மரியாளுக்கு வானதூதர் உரைத்த நற்சொல்லே அப்பெயருக்குக் காரணம். ஓரிடத்தில் வருகை, ஓரிடத்தில் நோன்பு, ஓரிடத்தில் வார்த்தை. ஒரே காத்திருத்தலுக்கு மூன்று பெயர்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில், கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்நார்து இக்காலத்துக்கென ஆற்றிய உரைகளில் புதியதொரு கருத்தை முன்வைத்தார். வருகைகள் இரண்டல்ல, மூன்று என்றார் அவர். முதலாவது உடலெடுத்து வந்தது. இறுதியானது மாட்சியோடு வருவது. இடைப்பட்டது எவர் கண்ணுக்கும் புலனாகாமல் ஒவ்வொருவர் நெஞ்சிலும் நிகழ்வது. நினைவுக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையே, இன்று, இங்கு என்னும் புள்ளியை அவர் இக்காலத்துக்குள் கொண்டுவந்தார். ஆன்மப் புத்துயிர்ப்பு என்று இக்காலத்தோடு சேர்த்துப் பேசப்படுவதன் வேர் இந்த இடை வருகையில்தான் உள்ளது.

ஏழு மாலைகள், ஏழு விளிகள்

நோன்பின் நாள்கள் நாட்டுக்கு நாடு மாறின. ஆனால் இக்காலத்தின் நெஞ்சமாய் அமைந்த சில வரிகள் மாறாமல் நின்றன. திசம்பர் 17 முதல் 23 வரையுள்ள ஏழு மாலை வழிபாடுகளில், மரியாளின் பாடலுக்கு முன்னும் பின்னும் பாடப்படும் குறும்பாக்கள் அவை. ஒவ்வொன்றும் 'ஓ' என்னும் விளியோடு தொடங்கும்; 'வா' என்னும் வேண்டுதலோடு முடியும். எட்டாம் நூற்றாண்டுக்குள் இவை வழக்கில் இருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் மெட்சு நகரத்து அமலாரியுஸ் இவற்றுக்கு விளக்கம் எழுதியுள்ளார்.

ஏழு விளிகளும் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுக்கப்பட்ட பெயர்கள்: ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், உதயம், மக்களினங்களின் மன்னர், இம்மானுவேல். இவற்றுள் 'உதயம்' பாடப்படும் நாள் திசம்பர் 21. வடபுலத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய நாள் அது. ஒளி மிகக் குறைந்த மாலையில் எழுஞாயிற்றை அழைக்கும் இந்த அமைப்பினும் சிறந்த கவிதை உத்தி வேண்டுவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. இப்பெயர்களின் இலத்தீன் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலாகச் சேர்த்துப் படித்தால் 'ஏரோ கிராஸ்' என்ற தொடர் கிடைக்கும். 'நாளை இருப்பேன்' என்பது அதன் பொருள். ஏழு நாள் 'வா' என்று அழைத்தவர்க்கு, ஏழாம் நாள் முடிவில், அழைப்பின் எழுத்துகளுக்குள்ளிருந்தே மறுமொழி கிடைக்கிறது. இது திட்டமிட்டு அமைந்ததா, தற்செயலா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. சித்திரகவி மரபில் கரந்துறை செய்யுளை அறிந்த நமக்கு, மறைந்து உறையும் மறுமொழி என்னும் இக்கருத்து இனிமை தருவதே.

இக்குறும்பாக்கள் ஆங்கில மொழியின் பழங்கவிதையொன்றையும் ஈன்றன. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட எக்சீட்டர் ஏட்டுத் தொகுதியில், இவற்றையும் இவையொத்த பிற பாக்களையும் விரித்துப் பாடிய பழைய ஆங்கிலப் பாடல்கள் முதலிடம் பெற்றுள்ளன. பாடியவர் யாரெனத் தெரியவில்லை. 1072-இல் மறைந்த ஆயர் லெயோபிரிக் எக்சீட்டர் பேராலயத்துக்கு அளித்த நூல் இது. இதன் தொடக்க ஏடு இழந்துபோயிற்று. எஞ்சியவற்றுள் முதல் ஏட்டில் கத்தி கீறிய வடுக்களும் நீர்மம் சிந்திய கறையும் உள்ளன. ஒரு காலத்தில் அதைப் பலகையாகவும் தட்டாகவும் எவரோ பயன்படுத்தியுள்ளனர். அடுப்பங்கரைகளிலிருந்து உ.வே. சாமிநாதையர் ஏடுகளைத் தேடி மீட்ட வரலாறு அறிந்த நமக்கு இதன் வேதனை புரியும். தப்பிய அந்தப் பாடல்களில், 'உதயம்' என்னும் விளிக்கு நிகராக வந்த 'எயாரெந்தெல்' என்ற ஒற்றைச் சொல், 1914-இல் ஓர் இளைஞரை ஆட்கொண்டது. அச்சொல்லிலிருந்து அவர் ஒரு கவிதை எழுதினார். அதிலிருந்து ஒரு புனைவுலகமே வளர்ந்தது. அந்த இளைஞர் பின்னாளில் புகழ்பெற்ற டோல்கீன்.

இசையும் மௌனமும்

நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோசு இலத்தீனில் இயற்றிய வருகைப் பாடலொன்றை, 1524-இல் மார்ட்டின் லூத்தர் செருமன் மொழியில் வெளியிட்டார். சமயச் சீர்திருத்தத்தால் திருச்சபை பிளவுற்ற காலத்திலும், இக்காலத்தின் பாடல் பிளவின் இருபுறமும் ஒலித்தது. அப்பாடலைக் கொண்டு 1714 திசம்பர் 2 அன்று, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்காக, வைமார் நகரில் யொகான் செபாஸ்தியன் பாக் ஒரு பாடற்கோவை அமைத்தார்.

அதன் தொடக்கத்தைப் பிரெஞ்சு முகப்பிசை வடிவில் அவர் வகுத்தார். அரசன் அரங்கினுள் நுழையும்போது இசைப்பதற்குரிய வடிவம் அது. உரோமைப் பேரரசனின் எழுந்தருளல் இசையாக மீண்டது போன்ற மிடுக்கு அதில் உண்டு. ஆனால் கோவையின் நடுவே அந்த மிடுக்கு அடங்கிவிடும். வாயிலில் நின்று கதவைத் தட்டும் கிறித்துவின் சொற்கள், திருவெளிப்பாட்டு நூலில் உள்ளவாறு, ஆழ்ந்த ஆண்குரலில் ஒலிக்கும். வில்லைக் கைவிட்டு விரலால் நரம்புகளைச் சுண்டும் ஒலி, கதவைத் தட்டும் ஓசையாகக் கூடவே வரும். மன்னனாய் முழங்கி வந்தவன் இரவலன்போல் வாசலில் நிற்கிறான். தொடர்ந்துவரும் பாடல், திறக்குமாறு நெஞ்சை நோக்கிப் பேசுகிறது. காத்திருப்பவர் உள்ளே இருக்கும் மாந்தர் மட்டுமல்லர். வெளியே நிற்பவனும் காத்திருக்கிறான் என்பதை இதனினும் சுருங்கச் சொல்ல இயலாது.

பின்னர் பாக் பணிபுரிந்த லைப்சிக் நகரில், இக்காலத்தின் முதல் ஞாயிறு கழிந்ததும் கருவியிசையோடு கூடிய பாடற்கோவைகள் கிறித்து பிறப்பு வரை நிறுத்தப்பட்டன. சபையார் பாடும் எளிய பாடல்களே எஞ்சின. ஆண்டு முழுதும் வாரந்தோறும் இசை கேட்டுப் பழகிய செவிகளுக்கு அது நீண்ட மௌனம். 1734-இல் அம்மௌனத்தின் முடிவில், கிறித்து பிறப்பு நாளன்று, பாக்கின் பெருங்கோவை முரசொலியோடும் எக்காள முழக்கோடும் தொடங்கியது. முரசின் முதல் அடி எத்தகைய விடுதலையாய் ஒலித்திருக்கும் என்பதை, முன்னிருந்த மௌனத்தை எண்ணினாலன்றி உணர இயலாது. வயிற்றின் நோன்பு தளர்ந்த நாட்டில் செவியின் நோன்பு அதன் இடத்தை நிரப்பியது எனலாம்.

சிறுவர்க்கு ஏற்றிய விளக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்காலம் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தது. வந்த வழி செல்வர் மாளிகை வழியன்று. யொகான் இன்றிக் விக்கெர்ன் என்னும் லூத்தரன் சமயப் பணியாளர், ஆம்பர்க் நகரின் சேரிகளில் புறக்கணிக்கப்பட்ட சிறுவர்களுக்காக 1833-இல் ஓர் இல்லம் தொடங்கினார். கிறித்து பிறப்பு நாள் எப்போது வரும் என்று ஓயாது கேட்ட அச்சிறுவர்களுக்காக, 1839-இல் ஒரு மரச்சக்கரத்தின் மீது மெழுகுவத்திகளை நட்டுவைத்தார். அவ்வாண்டில் திசம்பர் முதல் நாளே ஞாயிறாய் அமைந்தது. ஆகவே ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகள். ஏனைய கிழமைகளுக்கு இருபது சிறிய சிவப்பு மெழுகுவத்திகள். நாளுக்கு ஒன்றாக ஏற்ற ஏற்ற, இருள் மிகும் நாள்களில் ஒளியும் மிகுந்து வந்தது. இன்று உலகெங்கும் கோயில்களில் காணும் நான்கு மெழுகுவத்தி வளையம் இதன் வழித்தோன்றல்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூனிச்சு நகரின் கெர்காட் லாங் அச்சிட்ட வருகைக் கால நாள்காட்டிகள் பரவின. நாளுக்கொரு சிறு கதவைத் திறந்து உள்ளிருக்கும் படத்தைக் காணும் அமைப்புப் பின்னர் அவற்றில் வந்தது. படத்தின் இடத்தை இனிப்பும், இனிப்பின் இடத்தை விலையுயர்ந்த பொருள்களும் பிடித்தன. 1917-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், இக்காலம் முழுமைக்குமான நோன்புக் கடமை இடம்பெறவில்லை. நோன்புக்குரிய வாரங்கள் மேலைநாட்டு நகரங்களில் வணிகத்தின் வாரங்களாயின. இங்கேயே இவ்வரலாறு முடிந்திருந்தால், தேய்ந்து மறைந்த ஒரு பழைய வழக்கத்தின் கதையாகவே எஞ்சியிருக்கும். ஆனால் எதிர்பாராத ஓரிடத்தில் அது புத்துயிர் பெற்றது.

தேகல் சிறையில்

பெர்லின் நகரின் தேகல் சிறையில் 1943-ஆம் ஆண்டு ஏப்பிரலில் அடைக்கப்பட்டவர் தீத்ரிக் போன்ஹோபர். இட்லரின் ஆட்சியை எதிர்த்த லூத்தரன் இறையியலாளர். அவ்வாண்டு நவம்பர் 21 அன்று தம் நண்பருக்கு எழுதிய மடலில், சிறைக்கூடத்தைத் திருவருகைக் காலத்துக்கு ஒப்பிட்டார். கைதி நம்புகிறான், எதையாவது செய்துகொண்டிருக்கிறான், ஆனால் கதவோ பூட்டியிருக்கிறது, அது வெளியிலிருந்துதான் திறக்கப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. 1945 ஏப்பிரல் 9 அன்று புளோசன்பர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

மறு ஆண்டு அதே தேகல் சிறைக்கு வந்தவர் அல்பிரெது டெல்ப் என்னும் இயேசு சபைக் குரு. இட்லருக்குப் பிந்திய செருமனியின் சமுதாய அமைப்பைப் பற்றிச் சிந்தித்த கிரைசாவு வட்டத்தில் பங்கு கொண்டமைக்காக 1944 சூலை 28 அன்று கைது செய்யப்பட்டார். விலங்கிட்ட கைகளால், கிடைத்த தாள்களில், அவ்வாண்டின் திருவருகைக் காலம் முழுதும் சிந்தனைகளை எழுதினார். சலவைத் துணிகளோடு மறைத்து அவை வெளியே கொண்டு செல்லப்பட்டன. உலுக்கப்பட்டு விழித்தெழுவதே இக்காலத்தின் பொருள் என்பது அவற்றின் சாரம். திசம்பர் 8 அன்று சிறையிலேயே தம் சபையின் இறுதி வாக்குகளை எடுத்துக்கொண்டார். 1945 பெப்ருவரி 2 அன்று புளோட்சன்சே சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்குக் கல்லறை இல்லை. அந்தத் தாள்கள் உள்ளன.

மெழுகுவத்தி வளையமும் பாடற்குழுவும் முரசும் இல்லாத அச்சிறையில், திருவருகைக் காலத்தின் எல்லா அணிகளும் உதிர்ந்தன. எஞ்சியது காத்திருத்தலும் அதனைச் சொல்லும் சொல்லுமே. நோன்பு தேய்ந்தும் இக்காலம் எதனால் நின்றது என்னும் வினாவுக்கு இதுவே விடை. நாலாம் நூற்றாண்டு மன்றம் கோயிலை விட்டு அகலாதீர் என்று விதித்தது. கோயிலே கிட்டாத இருவர் அவ்விதியின் உட்பொருளைக் காத்தனர். விதிகளும் நாள்களும் மாறின. விளிக்கும் சொல் மாறவில்லை.

இரு கதவுகள்

பாக்கின் இசையில் கதவை உள்ளிருப்பவர் திறக்க வேண்டும். போன்ஹோபரின் மடலில் கதவை வெளியிலிருப்பவர் திறக்க வேண்டும். இவை முரண்போலத் தோன்றினும், இரண்டையும் ஒருங்கு கொள்வதே இக்காலத்தின் மெய்ப்பொருள். நெஞ்சின் தாழை நீக்குவது நம் கடன். நம்மைச் சூழ்ந்த இருளின் பெருங்கதவு நம் வலிமைக்குள் அடங்கியதன்று. முதலாவதைச் செய்யாதவன் சோம்பியிருப்பவன். இரண்டாவதை அறியாதவன் செருக்குடையவன். இவ்விரண்டுக்கும் இடையே விழித்திருப்பதையே இந்நோன்பின் நூற்றாண்டுகள் பயிற்றுவித்தன.

கவிதை எழுதுவோர் இதனைத் தம் தொழிலிலும் அறிவர். யாப்பைப் பயில்வதும், முன்னோர் நூல்களைக் கற்பதும், எழுதியதை அடித்துத் திருத்துவதும் நம் கையில் உள்ளன. பாடல் வந்து சேர்வதோ நம் கையில் இல்லை. வராத நாள்களில் வேறெதையேனும் கொண்டு பக்கத்தை நிரப்பிவிடும் ஆசை பெரிது. அந்நாள்களை வெறுமையாகவே விட்டு விழித்திருக்கும் துணிவு அரிது. எக்சீட்டர் ஏட்டில் பெயர் எழுதாது போன கவிஞருக்கு அத்துணிவு இருந்தது. கூரிய கத்தியின் கீறல்களைத் தாங்கியும் அவர் பாடல்கள் ஆயிரம் ஆண்டு காத்திருந்தன.

பத்தாண்டுகள் கூடியிருந்து கவிதை கேட்ட ஒரு வட்டத்துக்கு, கூடிக் காத்திருத்தல் என்பதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சமயம் எதுவாயினும், மொழி எதுவாயினும், குளிர்காலத்தின் நீண்ட இரவில் 'வா' என்று அழைக்கும் சொல் ஒன்று மாந்தர் நாவில் உள்ளவரை, உதயத்தின் மீதான நம்பிக்கையும் நிலைத்திருக்கும்.